மோரிப் சேற்றில் எது எடுபடும்: பச்சை லேசரா, படகு சோனாரா?

மலேசியாவின் சிலாங்கூரில், பந்திங் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் மோரிப் கடற்கரை. 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி இந்தியப் படைப்பிரிவு ஒன்று இங்கே கரையிறங்கியது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்திருந்ததால் சண்டை இல்லை. ஆனால் பார்வைக்கு மணல், கீழே சேறு. வண்டிகள் புதைந்து நின்றன.

அதே கரையில் நீருக்கடியில் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று இன்று அளப்பதானால், முதலில் நினைவுக்கு வருவது விமானத்திலிருந்து அனுப்பும் லேசர். அது இரண்டு கதிர்களை அனுப்பும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். 532 நானோமீட்டர் பச்சை உள்ளே இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்பும். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 9 நானோ நொடி தாமதம். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். வேகமான வேலை, பாறையில் படகு மோதும் பயமும் இல்லை.

சரி, தண்ணீர் தெளிவாக இருக்கணுமே? வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இங்கே இறக்கிப் பார்த்தேன். முழங்கை ஆழத்திலேயே தே தாரேக் (பால் தேநீர்) நிறத்துக்குள் மறைந்துவிட்டது. "தட்டு போச்சா தம்பி?" என்று படகுக்கார அண்ணன் சிரித்தார். தட்டு மறையும் ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்குதான் பச்சை லேசரின் எல்லை. அப்படிப் பார்த்தால் இங்கே ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. தண்ணீர் தெளிந்த பெர்ஹெந்தியான் தீவுப் பவளப்பாறை என்றால் யோசிக்காமல் லேசரையே சொல்வேன். செயற்கைக்கோள் படத்துக்கும் இதே கலங்கல் தடைதான், அதை விட்டுவிடலாம்.

சோனார் ஒளிக்குப் பதில் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழம் பார்ப்பது; அதற்குக் கலங்கல் பெரிய பொருட்டில்லை. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குழம்புச் சேற்றின் மேல்பரப்பிலேயே திரும்பும். 30 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி இன்னும் கீழே இறங்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் சேற்றின் தடிமன் ஓரளவு பிடிபடும். வம்பு வேறு இடத்தில்: பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் அனுப்பும் பலகற்றைச் சோனார் ஒரு ஓட்டத்தில் பார்க்கும் அகலம், ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்குதான். இரண்டு மீட்டர் தண்ணீரில் அது ஆறு முதல் எட்டு மீட்டர். தோட்டத்தில் புல்வெட்டுகிற மாதிரி வரிசை வரிசையாகப் போய்வரணும்.

மோரிப்புக்கு என் தேர்வு கலப்புதான். நீர் வற்றியதும் வெறும் சேறாகக் கிடக்கும் பரப்பைச் சாதாரண நில லேசரால் பறந்து அளக்கலாம், பச்சைக் கதிரே வேண்டாம். நீர் ஏறியதும் படகை இறக்கி, கடல் பக்க வெளிப்பகுதியோடு அதே சேற்றின் ஓரத்தையும் சோனாரால் மறுபடி அளக்கணும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அந்த ஓரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் அந்தச் சேறு வண்டியைத் தாங்குமா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு இறங்கிக் கோல் ஊன்றித்தான் பார்க்கணும்.