வலைநாடாவா, சொந்தத் தசையுறையா: சிறுநீர்க் கசிவுக்கு எந்த அறுவை பாதுகாப்பு?

மே மாத வெயிலில்கூட வாய் நனைக்காமல் ரங்கநாதன் தெருவுக்குக் கிளம்பும் பெண்கள் சென்னையில் உண்டு. இருமினாலோ, பையைத் தூக்கினாலோ சிறுநீர் கசிந்துவிடுமே என்ற பயம்தான் காரணம். பிள்ளை பெற்றவர்களுக்கு இது சகஜம் என்று சொல்லியே அவர்களை வீட்டில் அடக்கிவிடுகிறார்கள். இது தீர்க்கக்கூடிய பிரச்சினை. எப்படித் தீர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தூளிபோல ஒரு பட்டையைத் தாங்கக் கொடுப்பதே ஸ்லிங் அறுவை. பெரும்பாலும் வைக்கப்படுவது பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையாலான வலைநாடா. அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர். 1990களில் சுவீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் அறிமுகப்படுத்தினார். காயம் சிறியது, சீக்கிரம் வீடு திரும்பலாம்.

நாடாவைச் செலுத்த இரண்டு வழிகள் உண்டு: அடிவயிற்று எலும்புக்குப் பின்னால், அல்லது தொடை இடுக்கு வழியாக. 597 பெண்களிடம் நடந்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் பலன் முறையே 80.8, 77.7 சதவீதம், ஏறக்குறைய சமம். பக்கவிளைவில்தான் வேறுபாடு. சிறுநீர் பிரியாமல் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முதல் வழியில் 2.7 சதவீதம், இரண்டாவதில் யாருமில்லை. மரத்துப்போதல், கால் பலவீனம் போன்ற நரம்புத் தொல்லைகளோ முதல் வழியில் 4, இரண்டாவதில் 9.4 சதவீதம். ஊசி சிறுநீர்ப்பையைத் துளைத்துவிடும் அபாயமும் முதல் வழியில்தான் அதிகம். ஆனால் அதை அறுவையின்போதே கருவி விட்டுப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். தரையில் உட்கார்ந்து எழுந்து, மாடிப்படி ஏறி இறங்கும் பெண்ணுக்குத் தொடை வலி சின்ன விஷயமல்ல. நான் முதல் வழியையே சொல்வேன். தனிக் காரணம் இருந்தாலொழிய தொடை வழி வேண்டாம் என்கிறது பிரிட்டனின் 2019 வழிகாட்டுதலும்.

"வலையைத் தடை செய்துவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மை. 2019இல் அமெரிக்கா நிறுத்தியது இடுப்பு உறுப்புகள் கீழிறங்குவதற்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. கசிவு நாடாவை அல்ல. இங்கிலாந்துதான் 2018 ஜூலையில் இரண்டையும் நிறுத்திவைத்தது. அங்கே 92,246 பெண்களின் பதிவுகளைப் பார்த்ததில் ஐந்தாண்டுக்குள் சிக்கல் கண்டவர்கள் 9.8 சதவீதம். நாடா பிறப்புறுப்புச் சுவரை அரித்து வெளியே தெரிவதும், உறவின்போது வலிப்பதும் அரிதுதான். வந்துவிட்டால் திசுவோடு ஒட்டிய நாடாவை முழுதாக எடுப்பது பெரும்பாடு.

வலையே வேண்டாம் என்பவருக்கு அடிவயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறையிலிருந்தே பட்டை வெட்டி வைக்கலாம். வலை அரிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் வயிற்றில் தழும்பு, நீண்ட ஓய்வு, சிறுநீர் கழிக்கச் சிரமம், தொற்று எல்லாம் கூடவே வரும்.

எதற்கும் முன், சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சியை மூன்று மாதமாவது, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்து பார்க்க வேண்டும். 460 பெண்களிடம் நடந்து 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஓராண்டில் முன்னேற்றம் கண்டவர்கள் அறுவைப் பிரிவில் 90.8 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 64.4. பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிப் பேர் பிறகு அறுவைக்குப் போனார்கள். மீதிப் பாதிப் பேர் கத்தி படாமலே தப்பினார்கள்; எனக்கு இதுதான் முக்கியம்.

அவசரமாக முட்டிக்கொண்டு வந்து கசிவது வேறு வகை. அதற்கு ஸ்லிங் மருந்தல்ல. சர்க்கரை நோயாளிகள் இதைப் பிரித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர்கள் அறுவையைத் தள்ளிப்போடலாம். கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: எந்த நாடா, எந்த வழி, எடுக்க நேர்ந்தால் யார் எடுப்பார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் சென்னையில் இன்னொரு மருத்துவரைப் பார்ப்பது கடினமல்ல.