முட்டை இறங்காமல் தவிக்கும் கோழி: வெந்நீரா, கால்சியமா, கையை விடுவதா?

முட்டையிடும் இடத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்த கோழி, வாலைத் தாழ்த்தி, காலை அகட்டி, உடம்பை நிமிர்த்தி நின்று முக்குகிறதா? முட்டை உள்ளே மாட்டியிருக்கலாம். வீட்டு வைத்தியமாக மூன்று வழி சொல்வார்கள். மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சுடக்கூடாது. வயிறும் பின்பாகமும் முங்கும்படி 15 முதல் 20 நிமிடம் உட்கார வையுங்கள். தண்ணீரில் வைத்தவுடன் சிறகடிக்கும். அப்புறம் மெல்ல அடங்கி, கண்ணை மூடிக்கொள்ளும். இறுகிய தசை இளகுவது அப்போதுதான். பிறகு துவட்டி, இறகு முழுக்கக் காய்ந்ததும் கதகதப்பான இருட்டில் தனியாக விட வேண்டும். ஈரத்தோடு விட்டால் உபகாரமே உபத்திரவமாகிவிடும்.

ஆனால் வெந்நீர் இளக்கத்தான் செய்யும். தள்ளும் பலம் கால்சியத்திலிருந்து வர வேண்டும். முட்டைக்குழாய்த் தசை சுருங்க அது தேவை, ஒவ்வொரு ஓட்டுக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் கரைந்தும் போகிறது. சமீபமாக ஓடில்லாத தோல்முட்டையோ மெல்லிய ஓட்டு முட்டையோ இட்ட கோழி என்றால் நான் கால்சியத்தைத்தான் முதலில் கொடுப்பேன், வெந்நீர் அடுத்தது. கால்சியத் திரவ மருந்தை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தலை தொங்கிக் கிடக்கும் கோழிக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

கையை விடுவதைப் பற்றி: முட்டை பின்துவார வாசலில் தெரிந்தால் சுற்றிலும் வழவழப்பான ஜெல் தடவலாம், அவ்வளவுதான். வயிற்றை அமுக்குவதும் உள்ளேயே உடைப்பதும் வேண்டவே வேண்டாம். உடைந்த ஓடு கத்தி மாதிரி குழாயைக் கிழிக்கும். உள்ளே சிதறிய முட்டை அழுகிக் கிருமி பரவும்.

சில மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவர்தான். கால்சியத்தை ஊசியாகப் போட அவரால் முடியும். தேவைப்பட்டால் ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சிவிட்டு வெறும் ஓடாக வெளியே எடுப்பார்.

வயிறு தண்ணீர்ப் பை போலத் தொங்கினால் அது வேறு நோய், வெந்நீரில் நேரத்தைக் கழிக்காதீர்கள். மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்திருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவும் கூடாது, மருந்து முட்டையிலும் வரும். பின்னால் சிவப்புச் சதை பிதுங்கியிருந்தால் உடனே தனியாகப் பிரித்து, சதையைக் காயவிடாமல் ஈரமாக வைத்துக் கொண்டுபோங்கள். சிவப்பைக் கண்டால் கூட இருக்கும் கோழிகள் கொத்தியே குடலை உருவிவிடும்.