டைகர் டாங்கிக்கு எந்த கிட்: தமியாவா, ரை ஃபீல்டா?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் டாங்கியை 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாடலாகக் கட்ட வேண்டும் என்று கிளம்புகிற எல்லாரும் கடைசியில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, ஜப்பானின் தமியா நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்ட டைகர் 1, ஆரம்பகால வடிவம். இன்னொன்று, ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து ரை ஃபீல்ட் மாடல் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. அதே டாங்கி, ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்த்து. முதலாவது விலை குறைவு, சுலபம். இரண்டாவது விலை அதிகம், பாகங்களும் ஏராளம். பேச்சு பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது.

எனக்கு அளவுகோல் வேறு. நிஜ டைகர் 57 டன். நம் மேஜைமேல் இருக்கப்போவது, பீரங்கிக் குழலையும் சேர்த்து 24 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த 57 டன் தெரிய வேண்டும். அந்தக் கனத்தைக் கொண்டுவர எந்தப் பெட்டி கூடுதலாக உதவுகிறது? கனரக வாகன மாடலில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கட்டும் வேலையில் தமியாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, வெட்டிய இடத்தை லேசாகத் தேய்த்துவிட்டு வைத்தால், அது தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத் தகட்டையும் மேல் தகட்டையும் சேர்த்துப் பிடித்து, பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின் பசையின் பிரஷ் நுனியால் இணைப்பில் ஒரு இடத்தைத் தொட்டால் போதும். பசை கோடு முழுக்கத் தானாக ஓடிவிடும். புட்டி வைத்து இடைவெளி அடைக்கிற வேலை ரொம்பக் குறைவு. ஷிசுவோகாவில் இருக்கும் இந்த நிறுவனம் 1961-லேயே மோட்டார் வைத்த பாந்தர் டாங்கியை விற்றது. உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்ட அளவுதான் 1/35. இன்றைக்கு உலகம் முழுக்க டாங்கி மாடல்கள் பெரும்பாலும் அந்த அளவிலேயே வருகின்றன.

ரை ஃபீல்டில் ஆரம்பமே வேறு. முன்னால் கியர்பாக்ஸ், பின்னால் மேபாக் என்ஜின், பீரங்கியோடு சுழலும் கோபுரத்தின் தரைக்கு அடியில் இரண்டையும் இணைக்கும் தண்டு, ஓட்டுநர் இருக்கை, பக்கவாட்டில் குண்டு அடுக்குகள். நிஜ டைகர் 92 குண்டுகள் சுமந்தது. ஆகவே குண்டுகளுக்குப் பெயிண்ட் அடிப்பதே தனி வேலை. உள்ளே அடிப்பக்கம் செங்காவி பிரைமர் நிறம், மேல்பாதி தந்த வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோட்டை மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் எடுக்க வேண்டும். கட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் மாறி மாறி வரும். ஒரு படியை விட்டுவிட்டு முன்னே போனால், பிறகு பிரஷ் நுழையாத மூலையாக அது மாறிவிடும். பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கு சூப்பர் குளூ, நல்ல இடுக்கி, பொறுமை மூன்றும் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்து மேல் தகட்டை மூடினால் ஒன்றும் தெரியாது. ஹட்ச் கதவுகள் வழியாகத் தெரிவது கையளவு இருட்டு. மேல்தகட்டை ஒட்டாமல் வைத்து எடுத்துக் காட்டலாம். அப்படிக் காட்டுகிற எண்ணம் இல்லாதவர்களுக்கு அந்தப் பணமும் நேரமும் வீண் என்றே சொல்வேன். ஆனால் இந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. என்ஜின் பின்னால் இருக்க, செயினை இழுக்கும் பல் சக்கரம் ஏன் முன்னால் இருக்கிறது, அந்தத் தண்டு போக வேண்டும் என்பதற்காக டாங்கியின் உயரம் எப்படிக் கூடுகிறது என்பதையெல்லாம் கையில் பிடித்தே புரிந்துகொள்ளலாம்.

சரி, சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற செயினுக்கு வருவோம். கனம் தெரிவதும் தெரியாமல் போவதும் இங்கேதான்.

டைகரில் செயினை மேலே தாங்குவதற்கென்று தனி உருளைகள் கிடையாது. பெரிய சக்கரங்களின் தலையிலேயே செயின் படுத்துக்கிடக்கும். முன்னால் பல் சக்கரத்திலிருந்து இறங்கி, முதல் சக்கரங்களின் மேல் தொய்ந்து விழும். 725 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகு இணைப்புகள், பக்கத்துக்கு 96. அந்தத் தொய்வு சரியாக வந்துவிட்டால், பெயிண்ட் அடிக்காத சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கிலேயே டாங்கி கனத்துப்போய்த் தெரியும்.

தமியா தருவது வளைகிற வினைல் பட்டை. மாட்டுவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அது ரப்பர் பேண்ட் மாதிரி விறைப்பாக, சக்கரங்களைத் தொடாமல் மேலே நேர்கோடாக நிற்கிறது. அப்படி நின்றால் 57 டன் டாங்கி பொம்மையாகிவிடும். வழி இருக்கிறது. சக்கரத் தலைகளில் சூப்பர் குளூவால் அழுத்தி ஒட்டலாம், அல்லது கறுப்பு நூலால் அச்சோடு சேர்த்துக் கட்டி இழுக்கலாம். வெளிச் சக்கரங்கள் மறைத்துக்கொள்வதால் நூல் கண்ணில் படாது. எவ்வளவு செய்தாலும் பட்டை பட்டைதான், இணைப்புக்கு இணைப்பு மடிகிற கோணம் அதில் வராது.

ரை ஃபீல்ட் செயின் இணைப்பு இணைப்பாகக் கோப்பது, கட்டி முடித்தபின் நிஜமாகவே அசையும். இரண்டு பக்கமும் சேர்த்து 192 இணைப்புகளை வெட்டி, தேய்த்து, கோக்க வேண்டும். பாதியில் சலிப்பு தட்டும், மறைப்பதற்கில்லை. ஆனால் மாட்டியதும் அது சக்கரங்கள்மேல் படிகிற அழகு இருக்கிறதே, அந்த ஒரு விஷயத்தில் தமியா பக்கத்தில்கூட வர முடியாது.

சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து அடுக்கடுக்காக இருப்பதால், எந்த கிட்டாக இருந்தாலும் மாட்டுவதற்கு முன்பே அவற்றுக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். உள் வரிசைக்குச் சேறு, தூசி எல்லாமும் அப்போதே. ஆரம்பகால டைகரில் சக்கர விளிம்பு ரப்பர் என்பதால், ஒவ்வொன்றுக்கும் கறுஞ்சாம்பல் வளையம் போடுகிற வேலையும் உண்டு. 1944-க்குரிய பிற்கால வடிவத்தில் எஃகு விளிம்பு, இந்த வளைய வேலை மிச்சம். ஆனால் அதற்கு, காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கத் தகட்டின்மேல் பூசிய சிம்மரிட் பூச்சின் வரிகளைப் புட்டியில் கீறி உண்டாக்க வேண்டும். ஜெர்மானியர்கள் அதைப் பூசத் தொடங்கியது 1943 ஆகஸ்ட் வாக்கில். முதல் முறையாக டைகர் கட்டுபவர்கள் அதற்கு முந்தைய வண்டியாகவே எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடுகிற டைகர் 131-ஐ, 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிடித்தார்கள். அதன் படங்கள் தாராளமாகக் கிடைப்பதால் சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பெயிண்டைப் பொறுத்தவரை பெட்டி எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். தமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் கருவி) அருமை, பிரஷ்ஷுக்கு ஆகாது. இரண்டாம் கோட்டு போடும்போது முதல் கோட்டைக் கிளப்பிவிடும். ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு ஸ்பெயினின் வயேஹோ அக்ரிலிக் சரி, கீழே பிரைமர் மட்டும் கட்டாயம். மிஸ்டர் கலர் மாதிரியான லாக்கர்தான் இருப்பதிலேயே உறுதி. ஆனால் வாடையும் நெடியும் கடுமை, முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் தொடக்கூடாது. சென்னை மாதிரி ஈரக்காற்றுள்ள ஊரில் மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால் மேலே வெள்ளை பூத்துவிடுவதும் உண்டு. அதனால் என் ஓட்டு தமியா அக்ரிலிக்குக்கு. அதில் எக்ஸ்எஃப்-60 என்ற எண்ணுள்ள மஞ்சளை அப்படியே அடிக்காமல் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறவிட்டால், சின்ன அளவில் நிறம் இருட்டிப்போகாது.

அதற்கு மேல் கேமல் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து, தகடுகள் சேரும் மூலைகளில் மட்டும் ஓடவிடுங்கள். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை அது கரைக்காது. பெயிண்ட் கடை என்சி தின்னரை மட்டும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், உருக்கிவிடும். பல் சக்கரத்தின் பற்களிலும் செயின் தரையைத் தொடும் மேடுகளிலும் 6பி பென்சிலால் தேய்த்தால் எஃகு பளபளப்பு வரும். கனம் உராய்கிற இடத்தில்தான் அந்தப் பளபளப்பு வர வேண்டும், கோபுரத்தின் மேல் அல்ல.

1/48 அளவிலும் தமியா டைகர் உண்டு, நீளம் 17 சென்டிமீட்டர் சொச்சம். இடம் குறைவானவர்களுக்கு நல்லது. இந்த அலசலில் அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான் வாங்கச் சொல்வது தமியா கிட்டும், தனியாக ஒரு செயினும். ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் வெள்ளை உலோகத்தில் டைகர் செயின் செய்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் துளையைச் சீர்செய்து கம்பி நுழைத்துக் கோக்க வேண்டும், ரை ஃபீல்டுக்குச் சளைக்காத வேலைதான். விலையும் கிட்டின் விலைக்கு அருகில் வந்து நிற்கும். ஆனால் உலோகம் தன் எடையாலேயே தொய்கிறது; ஒட்டவும் வேண்டாம், நூல் கட்டவும் வேண்டாம். உள்பாகங்களுக்குப் போகவேண்டிய நேரம் அப்படியே வெளிப் பெயிண்டுக்குக் கிடைத்துவிடும். மேல்தகட்டைத் திறந்து என்ஜினைக் காட்டப்போகிறவர்கள் மட்டும், தயங்காமல் ரை ஃபீல்ட் பெட்டியை எடுங்கள்.