ஏற்காட்டில் ‘எல்லோருக்கும் ஏற்ற ஈஸி டிரெக்கிங்’ என்று யாராவது விற்றால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வார இறுதியில் சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு டிரெக்கிங் கூட்டிப் போகிறோம் என்று இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் செய்யும் குழுக்கள் இப்போது நிறைய. ஒழுங்காக நடத்துகிறவர்களும் அதில் இருக்கிறார்கள். நாங்கள் மாட்டியது அப்படிப்பட்டவர்களிடம் அல்ல. பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், எந்தக் குழுவிடமும் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குப் பிடிபடும்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: காபித் தோட்டத்துக்குள் 6 கிலோமீட்டர் நடை, லெவல் ‘ஈஸி’, எட்டு வயது முதல் அறுபது வயது வரை யாரும் வரலாம், வனத்துறை அனுமதி உண்டு, அனுபவமுள்ள வழிகாட்டிகள், காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு 1,450 ரூபாய். பணம் கட்டும் முன்பே போன் செய்து பேசினேன். என் அக்காவுக்கு முட்டி வலி, சமமான இடத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், இறக்கம்தான் ஆகாது என்று சொன்னேன். அக்கா மகளுக்குப் பத்து வயது என்றும் சொன்னேன். “ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க சார், ஜீப் போற ரோடுதான். பாட்டிங்க எல்லாம் வந்திருக்காங்க” என்றார்கள். அதையே வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பினார்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

மேலே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்களோடு இன்னொரு வேனில் கல்லூரிப் பையன்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்காகக் காத்திருந்ததிலேயே கிளம்பப் பதினொரு மணி ஆகிவிட்டது. நடந்துகொண்டே பேசியபோது ஒரு தம்பி சொன்னான், அவர்கள் ‘அட்வென்ச்சர் லெவல்’ என்று 1,900 ரூபாய் கட்டி வந்தார்களாம். நாங்கள் ஈஸி, அவர்கள் அட்வென்ச்சர். பாதை ஒன்றே. ஒரே பாதைக்கு இரண்டு பெயர் வைத்து, இரண்டு விலை போட்டு விற்றிருக்கிறார்கள்.

முதல் அரை மணி நேரம் சொன்னபடி ஜீப் தடம்தான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, காபிப் பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது, அக்கா சந்தோஷமாகவே வந்தார். அப்புறம் ஒரு கம்பி வேலியைத் தாண்டினோம். அங்கே இருந்து ஓடை வரைக்கும் ஒற்றையடிப் பாதை, செங்குத்தான இறக்கம். முந்தின வாரம்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. உருளும் கற்கள், அவற்றின் மேல் சில்வர் ஓக் சருகு ஈரத்தோடு படிந்து கிடந்தது. காலை வைத்தால் கல்லில் வைக்கிறோமா பள்ளத்தில் வைக்கிறோமா என்று தெரியாது. பிடித்துக்கொள்ளக் காபிச் செடிகூடக் கிடையாது, உண்ணிச்செடி முள்தான். அக்கா பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒவ்வொரு காலாக இறக்கி வைத்தார். பல இடங்களில் உட்கார்ந்தே நகர்ந்தார். குழந்தையின் உள்ளங்கை இரண்டும் சிராய்த்துவிட்டது.

முப்பது பேருக்கு மேல் இருந்த கூட்டத்துக்கு வழிகாட்டிகள் இரண்டே பேர். இருவரும் பையன்களோடு முன்னால் போய்விட்டார்கள். திரும்பி வரச் சொல்லிக் கத்தினால், ஒருவர் கீழே இருந்து “இன்னும் பத்து நிமிஷம்தாங்க்கா” என்று குரல் கொடுப்பார். ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. முதலுதவிப் பெட்டி கேட்டேன், வேனில் இருக்கிறது என்றார்கள். டார்ச், கயிறு எதுவுமே கொண்டுவரவில்லை. இதற்கு மேல்தான் அதே உயரத்தை வேறு பக்கமாக ஏற வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்கள்.

ஐந்தரை மணிக்கு மரத்தடியில் இருட்டு கட்டிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. தடத்தில் புதுச் சாணம் கிடந்தது. காட்டெருமைகள் அந்தி நேரத்தில் தோட்டங்களுக்குள் வரும் என்பது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டிகளும் பையன்களும் கண்ணுக்கே படவில்லை. பறிப்பு முடிந்து வீடு திரும்பிய ஒரு பெரியவர்தான் எங்கள் சத்தம் கேட்டு வந்தார். “கொழந்தைய வெச்சுக்கிட்டு இந்த வழியாவா வந்தீங்க? மழைக்கு அப்புறம் நாங்களே இதுல எறங்க மாட்டோங்க” என்றார். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேடு பள்ளம் அதிகமில்லாத ஒரு வண்டித்தடத்தில் எங்களை ரோட்டுக்குக் கொண்டு சேர்த்தார். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை. அவருக்கு நாங்கள் பட்ட கடனைத் தீர்க்க வழியே இல்லை.

அக்காவின் முட்டி வீங்கி, தசைநார் இழுத்துக்கொண்டது. பல வாரம் ஓய்வு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க மெதுவா நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது? ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்கீங்க” என்று பதில். வனத்துறை அனுமதியின் நகலைக் கேட்டேன். அத்தோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

சரி, இனி நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

கிலோமீட்டரை வைத்துப் பாதையின் கடினத்தை முடிவு செய்ய முடியாது. எத்தனை மீட்டர் இறக்கம், எத்தனை மீட்டர் ஏற்றம், தரை எப்படி, நடுவில் முடியாவிட்டால் வெளியேற வழி உண்டா, இந்த நான்கும்தான் லெவலைத் தீர்மானிக்கின்றன. ஏற்காட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல மலைகளில் அடிவாரத்தில் இருந்து ஏறுவோம், முடியாதவர்கள் பாதியில் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். ஏற்காட்டிலோ 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டியில் ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் போய் இறங்கிக்கொள்கிறோம். அங்கே இருந்து போகிற பாதைகள் பல முதலில் கீழே இறங்கும். ஏற்றம் கடைசியில், கால் ஓய்ந்த பிறகு வரும். பாதி வழியில் முடியவில்லை என்றாலும் ஏறித்தான் ஆக வேண்டும். கிளியூர் அருவி இப்படித்தான். பக்கத்தில் கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கிப் போனவர்களைக் கேளுங்கள், திரும்பி ஏறியதைப் பற்றித்தான் பேசுவார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு இறக்கம்தான் எதிரி, மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஏற்றம். எனவே ‘எல்லோருக்கும் ஏற்றது’ என்று பொதுவாகச் சொல்கிறவரிடம், யாருக்கு என்ன பிரச்சனை என்று அவர் கேட்டாரா என்பதைக் கவனியுங்கள்.

நேரத்தைக் கணக்குப் போட ஒரு பழைய வழி இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நல்ல பாதையில், நடந்து பழகியவர்களுக்கு. குழந்தைகள், பெரியவர்கள், ஈரத் தரை என்றால் நான் இரட்டிப்பாக வைத்துக்கொள்வேன். இந்தக் கணக்கில் வரும் நேரத்தோடு சாப்பாட்டு நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐந்து மணிக்குள் ரோட்டுக்கு வந்து சேர முடியாத திட்டம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள், அதாவது வனத்துறையின் பாதுகாப்பில் இருக்கும் காட்டுக்குள், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், பிடிபட்டால் உங்கள் மேலும் வழக்கு வரும். அதைவிடப் பெரியது உயிர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதில் ஒரு குழு நம் பக்கத்து ஈரோடு, திருப்பூரில் இருந்து போனது. அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தைத் தொடங்கி, 40 பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி மக்களையே வழிகாட்டிகளாக அனுப்புகிறது. தனியார் குழு எதுவானாலும் பாதையின் பெயர், அது தோட்டமா காப்புக்காடா, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். தோட்டம் என்றால் அதன் உரிமையாளரின் அனுமதி வேண்டும். வாயால் சொல்வதை நம்பாதீர்கள், தாளில் காட்டச் சொல்லுங்கள்.

வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப் போகிறவர்களுக்கு ஏற்காட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை, யாருக்கும் 1,450 ரூபாய் தர வேண்டியதும் இல்லை. ஏரியைச் சுற்றி நடக்கலாம். தாவரவியல் ஆய்வுத் துறையின் தோட்டத்தில் ஆர்க்கிட் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுற்றலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி. 1,600 மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் வண்டி போகும், மேலே விரிந்த சமதளம். காற்று வாங்கிக்கொண்டு பாட்டி, பேத்தி இருவருமே நடக்கலாம். வாரத்தில் சில நாளாவது நடக்கிறவர்கள், முட்டியில் தொந்தரவு இல்லாதவர்கள் கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறலாம், ஆனால் பெருமழை சமயத்தில் வேண்டவே வேண்டாம். ஏற்காட்டில் இருந்து சேலம் சமவெளி வரை இறங்கும் பழைய தடங்கள் கடினமானவை. சேலம் 280 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அப்படியென்றால் இறக்கம் மட்டும் 1,200 மீட்டர். பழகாத காலுக்கு மறுநாள் படுக்கையை விட்டு எழ முடியாது. அதை யாராவது ‘இறக்கம்தானே, ஈஸி’ என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் எல்லாம் போச்சு என்று அவர்கள் பயமுறுத்துவார்கள். சொன்ன சேவையைக் கொடுக்காதது சேவைக் குறைபாடு, கையெழுத்து வாங்கிவிட்டால் அது இல்லாமல் போய்விடாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, வாய்ஸ் மெசேஜ், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். அந்தக் கல்லூரித் தம்பி தன் 1,900 ரூபாய் ரசீதை எனக்கு அனுப்பியிருக்கிறான், அதையும் புகாரோடு சேர்த்திருக்கிறேன். உங்களிடமும் இதே மாதிரி ஒரே பாதையை வேறு பெயரில் விற்றிருந்தால், அந்த ரசீதை அழித்துவிடாதீர்கள்.