கிளட்ச் மிதி இல்லாத காரோடு ஒன்பது ஆண்டுகள்

சென்ற மாதம், இன்ஜினையும் கியர்ப்பெட்டியையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் தட்டை மாற்றிவிட்டுப் பட்டறையிலிருந்து வீடு திரும்பிய அன்றே தங்கையின் கணவர் அழைத்தார். பட்டர்வொர்த்தில் இதே வகைக் கார் ஒன்று மலிவாக வந்திருக்கிறதாம். "கியர் நெம்புகோலில் பிளஸ், மைனஸ் போட்டிருக்கிறதே மச்சான், பந்தயக் காரில் இருக்கும் அதே கியர்தானே?" என்று கேட்டார்.

அதுவல்ல. பந்தயக் காரின் சீக்வென்ஷியல் கியரில், பள்ளம் வெட்டிய உருளை ஒன்று ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு படி மட்டும் திரும்பும்; நான்கிலிருந்து இரண்டுக்கு வர மூன்றைக் கடந்தே ஆக வேண்டும். நம் கப்சாய் மோட்டார் சைக்கிளில் காலால் மிதிப்பதும் இந்த அமைப்பைத்தான். என் காரில் இருப்பதோ சாதாரண மேனுவல் கியர்ப்பெட்டி. கிளட்சை விடுத்துக் கியரை மாற்றிப் பிடிக்கும் வேலையை மட்டும் ஒரு கணினி ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1989இல் ஃபெராரி 640 என்ற ஃபார்முலா 1 பந்தயக் கார், ஸ்டீரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் நெம்புகோல்களோடு பிரேசில் பந்தயத்தை வென்றது. அந்த ஆசைதான் நம் கார்களில் பிளஸ், மைனஸாக வந்து நிற்கிறது.

கணினியே கியரை மாற்றட்டும் என்று ஆட்டோ நிலையில் விட்டு ஓட்டினால் இது பொறுமையைச் சோதிக்கும். பினாங்குத் தீவில் பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறும்போது, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் அந்தக் கணத்தில் இழுவை அறுந்து, எல்லோருடைய தலையும் முன்னால் சாய்ந்து திரும்பும். பின்னால் அமரும் அம்மா, இன்ஜின் சத்தம் உயர்ந்ததுமே முன் இருக்கையைப் பற்றிக்கொள்வார். ஏற்றத்து நெரிசலில் பிரேக்கை விட்டால் கார் பின்னால் உருளும்; ஆக்சிலேட்டரைத் தொட்டுத் தொட்டு அதை நிறுத்திவைத்துத்தான் நானும் கிளட்ச் தட்டைத் தேயவிட்டேன். அந்தக் கருகிய வாடை இரண்டு நாள் காருக்குள்ளேயே இருந்தது.

ஆனால், நெம்புகோலை மேனுவலுக்குத் தள்ளி, பிளஸ்ஸைத் தட்டுவதற்குச் சற்று முன் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்திப் பாருங்கள்: கியர் மாறியதே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதே மலைச்சாலையில் மறுபுறம் பாலிக் புலாவ் பக்கம் இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டுவிட்டால், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு இறக்கிவிடும். பிரேக்கில் கால் அரிதாகவே படும். வழக்கமான ஆட்டோமேட்டிக் கார் எதிலும் எனக்கு இந்தப் பிடிப்பு கிடைத்ததில்லை.

மாப்பிள்ளை தினமும் காலை நெரிசலில் பினாங்குப் பாலம் கடந்து வேலைக்கு வருபவர். வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்கள் காரையும் விற்றுவிடலாமே என்றார். விற்கமாட்டேன்.