ராக் கேட்க எந்த எஃப்எம்மைத் திருப்புவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூரில் ராக் இசைக்கென்று முழுநேர எஃப்எம் கிடையாது. எந்த நிலையத்தைத் திருப்பினால் கிட்டார் சத்தம் சீக்கிரம் காதில் விழும் என்றுதான் இங்கே ஒப்பிட முடியும். உட்லண்ட்ஸ், துவாஸ், சாங்கி என்று டெலிவரி வேன் ஓட்டுகிறவன் நான். என் வேன் ரேடியோவில் நிலையங்களைப் பதிந்து வைக்க ஆறு பொத்தான்கள். எதற்கு எந்தப் பொத்தான் என்பதில் பல வருடமாக எனக்குள் பஞ்சாயத்து நடக்கிறது.

ஆங்கிலப் பாட்டுக்கு நேரடிப் போட்டியாளர்கள் என்றால் என் கணக்கில் இரண்டு பேர். எஸ்பிஎச் மீடியா நிறுவனத்தின் ஒன் எஃப்எம் 91.3, மீடியாகார்ப் நிறுவனத்தின் கோல்ட் 905. இரண்டுமே பழைய ஹிட் பாடல்களை நம்பி இருப்பவை. 91.3 நம்மைப் போன்ற நடுவயது ஆண்களைக் குறிவைப்பது கேட்கும்போதே தெரியும். பான் ஜோவி, கன்ஸ் அன்ட் ரோசஸ் மாதிரி ஆட்கள் அங்கே விருந்தாளி இல்லை, வீட்டு மனிதர்கள். கோல்டில் குவீன் வரும், ஈகிள்ஸ் வரும், ஆனால் அடுத்தது ஒரு டிஸ்கோவோ காதல் மெட்டோ வந்து உட்கார்ந்துவிடும். துவாஸ் போகும் வழியில் வேலை மும்முரத்தில் இருக்கும்போது எனக்கு 91.3 சரி. சாயங்காலம் ஏவைஇ விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும்போது ரத்தக் கொதிப்பை ஏற்றாத கோல்ட் போதும்.

காலை வேளை கதையே வேறு. ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை எந்த ஆங்கில நிலையத்துக்குப் போனாலும் பேச்சுதான், நடுநடுவே ஒரு பாட்டு. விளம்பரக்காரர்கள் பணம் போடுவது வேலைக்குப் போகிறவன் காரில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்துக்குத்தான். அதனால் நிலையங்கள் பாட்டை வைத்துச் சண்டை போடுவதில்லை, ஆட்களை வைத்துப் போடுகின்றன. கிளென் ஓங்கும் ஃப்ளையிங் டச்மேனும் கிளாஸ் 95இல் காலை நிகழ்ச்சி நடத்தியவர்கள். பிறகு எஸ்பிஎச் பக்கம் போய் 91.3இல் பேசினார்கள். மட்டன்ஸ் என்ற அறிவிப்பாளர் ஜோடி பவர் 98இல் தொடங்கி, 987க்கு மாறி, கிளாஸ் 95இல் போய் அமர்ந்தது. கேட்கிறவர்களும் குரலின் பின்னாலேயே பொத்தானை மாற்றிக்கொண்டு போனார்கள். காற்பந்துக் குழுக்கள் ஆட்டக்காரரை வாங்குவது மாதிரிதான். இந்த ஏலத்தில் கிட்டாரிஸ்டுக்கு என்ன வேலை?

பவர் 98 பற்றி ஒரு வரி. தேசிய சேவையாளர்களின், அதாவது கட்டாய ராணுவப் பணி செய்தவர்களின், சாஃப்ரா மன்றத்திலிருந்து பிறந்த நிலையம், இன்று காதல் பாடல் நிலையம். முகாமில் பூட்ஸ் துடைத்த கைக்குக் காதல் பாட்டுத்தான் வேண்டியிருந்தது போல.

987க்கு ஒரு பழைய பெருமை உண்டு. பெர்ஃபெக்ட் டென் 98.7 என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1990களின் தொடக்கத்தில், நம் ஊர் ஆட்ஃபெலோஸ் குழுவின் பாட்டு அதன் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்தது. நம்மூர்ப் பையன்கள் கிட்டார் வாசித்து வெளிநாட்டுப் பாட்டுகளை முந்தினார்கள்! இன்று அந்த நிலையம் இளையர்களின் பாப், கே-பாப் பக்கம். என் மகன் வேனில் ஏறினால் கை நேராக அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். அவன் வயதில் நானும் அப்பாவின் பாட்டைக் கேட்டேனா என்ன?

புதிய கிட்டார் இசைக்கு உண்மையாகவே இடம் கொடுத்தது லஷ் 99.5. பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி குழுக்கள், எலெக்ட்ரானிக் இசை, முக்கியமாக உள்ளூர்க் கலைஞர்கள். மீடியாகார்ப் அதை 2017 செப்டம்பர் 1ஆம் தேதி மூடியது. அதே ஆண்டில்தான் 89.3, 96.3 ஆகிய இரு அலைவரிசைகளுக்கான உரிமம் எஸ்பிஎச்சுக்குக் கிடைத்தது. 2018இல் ஒன்றில் வர்த்தகச் செய்தி வந்தது, மற்றொன்றில் மூத்தவர்களுக்கான சீன நிலையம் வந்தது. அவற்றுக்கும் நேயர்கள் இருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ராக்குக்கு அப்போதிருந்து நினைவு மட்டும்தான் மிச்சம். எண்பதுகளும் தொண்ணூறுகளும் ஒலிக்கின்றன, இந்த வருடம் வெளிவந்த ராக் பாட்டைத் தேடினால் கிடைப்பது அரிது.

இத்தனை சொன்ன பிறகு, என் முதல் பரிசு ஆங்கில நிலையம் எதற்கும் இல்லை. மலாய் நிலையமான வார்னா 94.2க்குத்தான்.

சிரிக்காதீர்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய்க்காரர் ஒருவர், நாங்கள் அபாங், அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம், அவர்தான் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தார். மலாய்க்காரர்கள் ராக்கை விட்டதே இல்லை. ராக் கப்பாக் என்று ஒரு வகையே அவர்களிடம் உண்டு. கப்பாக் என்றால் கோடரி. அக்கரை மலேசியாவின் சர்ச், விங்ஸ் குழுக்கள், நம் சிங்கப்பூரின் ஸ்வீட் சாரிட்டி. அந்தக் குழுவில் பாடிய ரம்லி சாரிப்பின் கரகரத்த குரலில் நம் தேசிய கீதத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீளமுடிக்காரர்கள் என்பதால் 1972இல் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினையே உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிய ஊர் இது. இதே ஊரில் நீளமுடியோடு பாடிய ஒருவர் கடைசியில் தேசிய கீதம் பாடினார்! வார்னாவில் பழைய மலாய்ப் பாட்டுக்கு நடுவே திடீரென்று நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும்போது, பாஷை பாதிதான் புரிந்தாலும் ஸ்டியரிங்கில் விரல் தாளம் போடும். உட்லண்ட்ஸ், கிராஞ்சி பக்கம் போனால் ஜோகூர் நிலையங்களும் தெளிவாக எடுக்கும், அங்கேயும் கப்பாக் உண்டு.

சரி, நம் ஒலி 96.8? நாட்டின் ஒரே தமிழ் எஃப்எம். அதற்குப் போட்டி எஃப்எம் இங்கே இல்லை, அக்கரையின் ராகாவும் மின்னலும்தான் போட்டி. ராக் விஷயத்தில் ஒலியைத் தராசில் வைப்பது கொஞ்சம் அநியாயம். ஒரே நிலையம் பாட்டிக்கும் பேரனுக்கும் பாட வேண்டும், செய்தி சொல்ல வேண்டும், வாழ்த்தும் சொல்ல வேண்டும். ராக் வந்தால் சினிமா வழியாக வரும். யுவனோ அனிருத்தோ கிட்டாரை அலற விட்டால் அன்றைக்கு நமக்கு அதிர்ஷ்டம். வீட்டம்மா வண்டியில் இருந்தால் "ஒலியைப் போடுங்க" என்பார், அப்பீல் கிடையாது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அது எந்த நிலையத்தின் மீதும் இல்லை. 1992இல் இங்கே தொடங்கிய ருத்ரா குழு, வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகங்களையும் டெத் மெட்டல் என்ற உறுமல் ராக்கோடு சேர்த்து 'வேத மெட்டல்' என்ற பாணிக்கே பெயர் வாங்கியது. 1998இல் முதல் ஆல்பம். பாடுகிற கதிர் நம்மவர். வெளிநாட்டு மெட்டல் ரசிகர்களிடம் சிங்கப்பூர் என்று சொன்னால் அவர்கள் வாயில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று. அந்த உறுமலைப் பகல் நேரத்தில் எந்த மொழி நிலையத்தில் போடுவது? காலை எட்டு மணிக்குப் போட்டால் பாதித் தீவு பொத்தானை மாற்றிவிடும் என்று எனக்கும் தெரியும்.

ஆக இப்போதைய வரிசை: முதல் பொத்தான் 94.2, இரண்டாவது 91.3, மூன்றாவது கோல்ட் 90.5, நான்காவது ஒலி, ஐந்தாவது மகனுக்கு. ஆறாவதில் 99.5ஐ இன்னும் அழிக்கவில்லை. ருத்ராவுக்கு மட்டும் கைப்பேசியையும் ஒரு வயரையும் எடுக்கிறேன், அதுவும் வண்டியில் நான் தனியாக இருக்கும்போது.