பின் சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம்: பழைய காரின் ஃப்யூயல் பம்ப்போடு ஐந்து வருடங்கள்

வாங்கும்போதே என் காருக்கு எட்டு வயது. இப்போது பத்தொன்பது. மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சின், டேங்கிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும், ஃபில்டர் மட்டும் காருக்கு அடியில் தனியாக. இந்த அமைப்புள்ள பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தத்தை முதலில் கவனித்தது என் மகள். "அப்பா, பின்னாடி ஏதோ ஙொய்ஙொய்னு கேட்டுக்கிட்டே வருது" என்றாள். முன் சீட்டில் இருந்த எனக்கு அதுவரை கேட்கவே இல்லை. வீல் பேரிங்காக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டபோதும் சத்தம் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தேன், சுருதி மாறவில்லை. ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாம் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். ஃப்யூயல் பம்ப் பேட்டரி மின்சாரத்தில் ஓடுவதால் பெரும்பாலும் ஒரே சுருதியில்தான் பாடும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், பின் சீட்டைத் தூக்கிக் காதை வைத்தேன். இரண்டு நொடி அதே சத்தம் வந்து நின்றது. பம்ப்தான், சந்தேகமில்லை.

அப்புறம் நான் செய்தது பெரிய தவறு. டேங்க் பாதிக்கு மேல் இருந்தால் சத்தம் குறைகிறது என்று தெரிந்ததும், பெட்ரோலை எப்போதும் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன். டேங்க் நிறைந்திருந்தால் எந்த பம்ப்பின் சத்தமும் அடங்கித்தான் கேட்கும். சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது, மசகிடுகிறது, ஒலியையும் அமுக்குகிறது. அதனால் சத்தம் குறைந்தது எதையும் நிரூபிக்கவில்லை. அந்த எட்டு மாதமும் கோளாறு உள்ளே வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

ஒரு மலைப்பாதையில் எஞ்சின் இழுக்க மறுத்த அன்றுதான் உறைத்தது. பட்டறையில், "பம்ப் போச்சு, மாத்திடலாம்" என்றார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு வேறொரு பட்டறையில் மாற்றிய பம்ப் அது. அதற்குள் எப்படிப் போகும்? இந்த முறை அளந்து பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். எது எரிகிறது என்று தெரிய வேண்டாமா?

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். காற்று போகும் வழி அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று பலமாக உள்ளிழுக்கும். அப்படி ஒன்றும் இல்லை. அடுத்து வெளி ஃபில்டரை மாற்றினேன். கழற்றிய ஃபில்டரின் உள்வரும் பக்கத்தை வெள்ளைத் துணியில் கவிழ்த்தபோது செம்பழுப்பு நிறத்தில் நைசான மண் போல் கொட்டியது. துரு. இது டேங்கிலிருந்து வந்திருக்க வேண்டும். நான் வாங்குவதற்கு முன் கார் பத்து மாதம் கால் டேங்க் பெட்ரோலோடு சும்மா நின்றிருந்தது. காலியிடத்தில் ஈரம் படிந்து இரும்பு டேங்க் துருப்பிடிக்க அது போதும். ஃபில்டர் மாற்றியதும் சத்தம் பாதியானது. ஒரு மாதத்தில் பழையபடி வந்துவிட்டது.

பிரஷர் கேஜ் இரவல் வாங்கினேன். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில், எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுவரும் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3 பார், மாட்டினால் ஐடிலில் 2.5 பார். கையேட்டில் உள்ள அளவேதான். இங்கேயே நிறுத்தியிருந்தால் பம்ப்பில் குறை இல்லை என்று சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேஜை கண்ணாடிக்கு வெளிப்பக்கம் ஒட்டி, நண்பரை ஓட்டச் சொல்லி மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். (பெட்ரோல் உள்ள கேஜை ஒருபோதும் காருக்குள் கொண்டுவராதீர்கள்.) ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வேக்குவம் மறைந்து அழுத்தம் 3 பாருக்கு ஏற வேண்டும். என் காரில் 2.2க்கு இறங்கியது. நின்ற இடத்தில் அழுத்தம் சரியாக இருக்கிறது, எஞ்சின் நிறையக் கேட்கும்போது பெட்ரோல் போதவில்லை. இந்த ஒரு சோதனைக்குப் பிறகுதான் கோளாறு எனக்குப் புரியத் தொடங்கியது.

பெட்ரோல் போதாமல் போவதற்கு, பம்ப்புக்கு வரும் மின்சாரம் குறைவதும் காரணமாகலாம். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரில் பேட்டரி முனையில் 14.1 வோல்ட், பம்ப் கனெக்டரில் 12.3. ஏறக்குறைய 2 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அதில் பாதி எர்த் பக்கம் போனது. டிக்கியின் விரிப்புக்கு அடியில் எர்த் போல்ட் பச்சையும் பழுப்புமாக இருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேயின் சாக்கெட்டில் தளர்ந்திருந்த பின்னையும் இறுக்கியபின் கனெக்டரில் 13.6 வந்தது.

சத்தம் அதிகமாகிவிட்டது! அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் விளங்கியது. நல்ல மின்சாரம் கிடைத்ததும் பம்ப் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் உள்ளே இழுக்கும் வழி அடைத்திருக்கிறது. உறிஞ்சும் பக்கம் பெட்ரோல் போதாமல் குமிழி உண்டாகி உடைந்தால் ஙொய் சத்தத்தோடு கூழாங்கல் உருள்வது போல ஒரு கரகரப்பும் சேர்ந்து வரும். இப்போது கேட்டது அதுதான்.

டேங்கைத் திறப்பதற்கு முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு லைனில் இருந்த அழுத்தத்தை இறக்கினேன். பேட்டரியைக் கழற்றினேன். வேலை முழுக்கத் திறந்த வெளியில், டேங்க் ஏறக்குறைய காலியாக இருந்த நாளில். பம்ப்பை டேங்கோடு பிடித்திருக்கும் வளையத்தை மரக்கட்டை வைத்துத்தான் தட்டினேன், இரும்போடு இரும்பு மோதினால் தீப்பொறி வரும். பம்ப் வெளியே வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. அதன் அடியில் இருக்கும் வலைப்பை, அதாவது ஸ்ட்ரெய்னர், துருச்சேறு அப்பிக் காய்ந்து சப்பிப் போயிருந்தது. முன்பு புது பம்ப் போட்டவர்கள் பழைய வலைப்பையையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பம்ப்பைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் உறையையும் காணோம். அது இல்லாததால் பம்ப்பின் அதிர்வு நேராக டேங்கின் தகரத்துக்குப் போய் இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கிறது.

டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது வலைப்பை, ரப்பர் உறை, புது ஓ-ரிங் போட்டேன். பம்ப் அதேதான். மேட்டில் 3 பார் அசையாமல் நின்றது. பம்ப் இழுக்கும் மின்சாரம் கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியருக்குச் சற்று மேல், ஆடாமல். சத்தம் பின் சீட்டில் உட்கார்ந்து தேடினால்தான் கேட்டது.

அந்த பம்ப் மேலும் மூன்று வருடம், 38,000 கிலோமீட்டர் ஓடியது. உண்மையாகவே தேய்ந்தபோது அதன் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஙொய் இல்லை, தாழ்ந்த குரலில் ஏறி இறங்கும் உறுமல். வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆகத் தயங்கும். ஒரு நாள் டேங்கின் அடியில் கையால் தட்டியபின்தான் ஓடியது. பம்ப் மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்ததற்கு இது தெளிவான அடையாளம். கிளாம்ப் மீட்டரில் முள்ளும் நிலையாக நிற்கவில்லை. அப்போது தயங்காமல் மாற்றினேன், வலைப்பையோடும் உறையோடும் சேர்த்து. டேங்குக்குள் பம்ப்பையும் குழாயையும் இணைக்கும் சின்ன ஹோஸில் மட்டும் கவனமாக இருந்தேன். சாதாரண ஃப்யூயல் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். முழுதாக மூழ்கிக் கிடந்தால் ஊறி நைந்துவிடும். மூழ்கும் வேலைக்கென்றே எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

புது பம்ப்புக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. மாற்றிய அன்று எடுத்த வோல்ட், ஆம்பியர், பார் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை அளந்து அதோடு ஒப்பிடுகிறேன். கால் டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை, சத்தத்தை மறைக்க அல்ல, பம்ப் சூடாகாமல் இருக்க. போன மாதம் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் பின்னால் லேசாக ஒரு 'டிக் டிக்' கேட்டது. மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் பாடியைத் தொடும் இடத்தில் கிளிப் உடைந்திருக்கிறது. அடுத்த முறை காரை மேலே தூக்கும்போது அதை மாற்ற வேண்டும்.